ஒரு தரம்தான் கேட்டார்

வெளிநாட்டில் எந்த யுனிவர்சிட்டி நல்லது என்று கேட்டுக்கொண்டு இப்போதும் யாராவது ஒரு பிள்ளை என்னிடம் வந்துவிடுகிறது. நான் கோவில்பட்டியில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மண் பொட்டலத்தோடு ஆட்கள் வருகிற இடத்துக்கு மார்க் ஷீட்டோடு வந்து நிற்பார்கள். கூடவே ஒரு அப்பா இருப்பார், இல்லையென்றால் ஒரு மாமா. "நீ எதுக்குப் போற?" என்று அந்தப் பிள்ளையிடம்தான் கேட்பேன். அது மாமாவின் முகத்தைப் பார்க்கும். மாமா பதில் சொல்வார். எனக்குப் பாதி எரிச்சல் அங்கேயே வந்துவிடும்.

ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். இதே கேள்வியை என்னிடம் கேட்டபோது நான் மட்டும் என்ன கிழித்துவிட்டேன்? மூன்று பேரிடம் மூன்று பதில் சொன்னவள் நான்.

முதல் பதில் ஏஜென்சிக்காரருக்கு. மெயின் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அவருடைய ஆபீஸ். சுவர் முழுக்கக் கொடிகளும், பட்டம் வாங்கித் தொப்பியை மேலே எறிகிற பிள்ளைகளின் படங்களும். ஆஸ்திரேலியாவில் இன்ன ஊரில், இன்ன யுனிவர்சிட்டியில் மண்ணியல் படிக்க வேண்டும் என்று நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மண்ணா? ஏம்மா, மண்ணு படிக்கவா ஏரோப்பிளேன் ஏறுத? நர்சிங் இருக்கு, அக்கவுண்டிங் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு. நல்ல புள்ளையாப் பாத்து ஒண்ணச் சொல்லு."

"மண்ணுதான் அண்ணாச்சி."

"அந்த ஊரு எங்கன இருக்குன்னாவது தெரியுமா? நம்ம பிள்ளைய ஒண்ணுகூட அங்கன கிடையாது. சிட்னி, மெல்போர்ன்னு ஊரா இல்ல?"

அந்த யுனிவர்சிட்டிதான் இந்தத் துறையில் பெரியது என்று அவரிடம் அடித்துவிட்டேன். அது பொய்யா மெய்யா என்று எனக்கே தெரியாது. இரண்டாவது பதில் விண்ணப்பத்தில் போனது. அதை அவரே எழுதினார். உலகத் தரமான கல்வி, பல நாட்டுப் பண்பாடுகள் கலந்த சூழல், சிறந்த ஆய்வு வசதிகள். எல்லாப் பிள்ளைக்கும் அதே மூன்று வரிதான் என்பது பிறகு தெரிந்தது. நான் சொந்தமாக எழுதிக்கொண்டு போன ஒரு பக்கத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். ஊரில் நிலம் இருக்கிறது என்ற ஒரு வரியை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். நிலம் இருந்தால் திரும்பி வருவேன் என்பதற்கு அது அத்தாட்சியாம்.

மூன்றாவது பதில் வீட்டுக்கு. எங்கள் ஊர் பசுவந்தனைப் பக்கம். எல்லாமே மானாவாரி நிலம், மழை பெய்தால் வெள்ளாமை. உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் என்று அப்பா வருசத்துக்கு ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பார். அப்பாவிடம், படித்து முடித்தால் அரசாங்க வேலைக்கு நல்லது என்று சொன்னேன். அப்பா நம்பவில்லை.

"ஏட்டி, மண்ணப் பத்திப் படிக்க அங்கன எதுக்குப் போற? இங்கன இல்லாத மண்ணா? அவிய மண்ணு என்ன பவுனா?"

உண்மையான பதிலை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். வேளாண் கல்லூரியில் கடைசி வருசம் படிக்கும்போது லைப்ரரி கம்ப்யூட்டரில் ஒரு படம் பார்த்தேன். அந்த யுனிவர்சிட்டிப் பக்கத்தில் யாரோ போட்டிருந்த படம். கறுப்பு மண். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் அளவுகோல் ஒன்றை நட்டுவைத்திருந்தார்கள். சித்திரை மாதத்தில் எங்கள் காடு எப்படிக் கிடக்குமோ அப்படியே, அச்சு அசல். எங்கள் ஊரில் அந்த வெடிப்புக்குள் செருப்பு விழும், ஆட்டுக்குட்டியின் கால் மாட்டும், "எழவெடுத்த வெயிலு" என்று திட்டிக்கொண்டே தாண்டிப் போவார்கள். அங்கே ஒரு பேராசிரியர் அதைக் குனிந்து அளந்துகொண்டிருந்தார். எந்த மழைக்கு எவ்வளவு மூடுகிறது, மூடுவதற்குள் எவ்வளவு தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று வருசக்கணக்காக ஒரு மனுசன் அளந்திருக்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த அளவுகோலைப் பிடிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. என் பதில் அவ்வளவுதான்.

செலவை எப்படிச் சமாளித்தோம் என்று எழுதப்போவதில்லை. அது எல்லா வீட்டிலும் ஒரே கதை.

அங்கே போன பிறகுதான் மற்றவர்கள் சொல்லும் பதில்களைக் கேட்டேன். அறிமுக நாளில் பல நாட்டுப் பிள்ளைகளையும் வட்டமாக உட்கார வைத்து, இங்கே வந்த காரணத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். உலகத் தரம், பல பண்பாடு, ஆய்வு வசதி. எங்கள் அண்ணாச்சி உலகம் முழுக்க ஆபீஸ் போட்டிருக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன். வெளியே டீ குடிக்கிற இடத்தில்தான் உண்மை வந்தது. ஒருத்திக்குப் பெரியம்மா வீடு பக்கம். ஒருவனுக்கு வேறு எங்கிருந்தும் பதில் வரவில்லை. இன்னொருவன் அப்பாவின் கடையிலிருந்து தப்பிக்க வந்திருந்தான். என்னோடு வீட்டைப் பங்கிட்டுக்கொண்ட பிரேசில்காரி ஒரு கடற்கரைப் படத்தைப் பார்த்து வந்தவள். அந்த ஊரிலிருந்து கடல் ஏழு மணி நேரத் தூரம். வந்து இறங்கிய பிறகுதான் அதை அவள் விசாரித்திருக்கிறாள்.

அவளும் என் வகுப்புதான். வந்த முதல் நாள் சாயங்காலம் ஏதோ ஒரு பயறும் சோறும் சமைத்தாள். வாசனை ஆளைத் தூக்கியது. எனக்குக் கொலைப்பசி. "சாப்பிடுகிறாயா?" என்று கேட்டாள். "நோ, நோ, இட்ஸ் ஓகே" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு என் கண் முன்னாலேயே தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டாள். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தாள். நான் ரூமுக்குப் போய் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்தேன். என்ன வளர்ப்பு இது, ஒரு பேச்சுக்காவது மறுபடி கேட்கக் கூடாதா என்று எனக்குக் கோபமான கோபம்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால் "காப்பி குடிக்கியளா?" என்பார்கள். "இருக்கட்டும், இப்பதான் குடிச்சேன்" என்று சொல்ல வேண்டும். குடித்திருக்க வேண்டிய அவசியமில்லை. "அட, ஒரு வாய் குடிங்க" என்பார்கள். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" இது இரண்டாவது. மூன்றாவது முறை டம்ளரே கைக்கு வந்துவிடும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். முதல் முறையே கையை நீட்டுகிறவளுக்கு எங்கள் ஊரில் பறக்காவெட்டி என்று பேர். சின்னப் பிள்ளையில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ முறுக்கை நீட்டினார்கள் என்று சட்டென்று எடுத்துவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றிக் கிடந்தது. இருபது வருசம் இப்படி 'இருக்கட்டும்' சொல்லி வளர்ந்தவளுக்கு அது பேச்சு இல்லை, தும்மல் மாதிரி தானாக வரும்.

நான் தேடிப் போன பேராசிரியர் அறுபதைத் தொட்ட மனுசன். அரைக்கால் சட்டை, வெயிலில் சிவந்த கழுத்து. குடித்த கோப்பையைத் தானே கழுவி வைப்பார். பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு அதற்கு வாய் வரவில்லை. பக்கத்தில் போய் நின்று லேசாக இருமுவேன், திரும்பிப் பார்ப்பார். ஆறு மாதம் இருமலிலேயே ஓட்டினேன்.

ஒரு நாள் வகுப்பு முழுவதையும் வயலுக்குக் கூட்டிப்போனார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. வேனை விட்டு இறங்கியதும் ஷூவில் மண் அப்பிக்கொண்டது. மற்ற பிள்ளைகளெல்லாம் முகம் சுளித்தார்கள். எனக்கோ, சொல்வதற்கென்ன, அழுகைதான் வந்தது. அதை மறைக்கக் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டேன். அப்பா செய்வது அது. சிதறினால் உழலாம், அப்பிக்கொண்டு கிடந்தால் ஏரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பேராசிரியர் பார்த்துவிட்டார். என்ன செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். எங்கள் ஊரில் மழையை மில்லிமீட்டரில் சொல்ல மாட்டார்கள், ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை என்பார்கள் என்று சொன்னேன். மண்ணில் எவ்வளவு ஆழம் நனைந்திருக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். 'உழவு' என்ற சொல்லை நான்கு முறை சொல்லிப் பார்த்தார். நாலும் தப்பு.

அதற்கடுத்த வாரம் துறையின் டீ ரூமில் கோப்பையைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"வரும் கோடையில் வெடிப்பு வேலைக்கு ஒரே ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளப்போகிறேன். உன் ஆய்வுக் கட்டுரையையும் அதிலேயே செய்துகொள்ளலாம். உனக்கு விருப்பமா?"

எதற்காகக் கடல் தாண்டி வந்தேனோ அது தானாக வந்து என் முன்னால் நிற்கிறது. முகமெல்லாம் பல்லாக நான் சொன்னேன், "நோ, நோ, இட்ஸ் ஓகே சார்."

"நோ ஒரீஸ்" என்றார், கவலை வேண்டாம் என்பதாக. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கவலையே படவில்லை. சந்தோசமாக வீட்டுக்கு நடந்து போனேன். பிரேசில்காரிக்கு வேண்டுமானால் தெரியாது, சின்னப்பிள்ளை. இவர் வயசான மனுசன், படித்தவர், நாளைக்குக் கேட்பார் என்று இருந்தேன். இரண்டாவது முறை கேட்டால் "உங்களுக்கு எதற்குச் சிரமம் சார்" என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று யோசித்து வைத்திருந்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

திங்கட்கிழமை அவர் அறை வழியாக நாலு தரம் போனேன். செவ்வாய்க்கிழமை இருமினேன். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். புதன்கிழமை டீ ரூமில் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரேசில்காரி அடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள், வெடிப்பு வேலை அவளுக்குக் கிடைத்துவிட்டதாம்.

"முதலில் உன்னிடம்தான் கேட்டாராமே. நீ வேண்டாம் என்று சொன்னாயாம். ஏன்? நீ அதற்காகத்தானே வந்தாய்?"

அவள் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவள் என்ன தப்பு செய்தாள்? கேட்டார்கள், சரி என்றாள். ஆனாலும் கடலைப் பார்க்க வந்தவளுக்குக் கரிசலா என்று வயிறு எரிந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்த மனுசன் ரெண்டாந்தரம் கேக்கவே இல்லையா? நல்லாருக்கே! என்ன மனுசம்ட்டி அவன்!"

அப்பா போனை வாங்கினார்.

"நீ வேண்டாம்னு வாயால சொன்னியா?"

"சொன்னேன். ஆனா..."

"சொன்னா வேண்டாம்தான். சொல்லிட்டு மறுபடி போயி அவிய வாசல்ல நிக்காத. நம்ம வீட்ல கேட்டு வாங்குத பழக்கம் கெடையாது. இருந்து படி, இல்லன்னா வந்துரு."

அப்பாவின் பேச்சில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. வந்துவிடுவதாம்! வெடிப்பு வேலை இல்லையென்றால் என் படிப்பு வெறும் வகுப்பும் பரீட்சையும்தான். அந்தப் பாடத்தை எங்கள் காலேஜிலேயே படித்திருக்கலாம். அந்த வார விடுமுறை முழுவதும் யோசித்தேன். திங்கட்கிழமை அவர் கதவைத் தட்டினேன். இருமவில்லை, முதன்முதலாக அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் அப்பாவை மீறி நான் செய்த முதல் காரியம் அதுதான்.

"நான் அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னது வேண்டும் என்ற அர்த்தத்தில்."

அவருக்குப் புரியவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"அப்படியானால் வேண்டாம் என்றால் எப்போதும் வேண்டும் என்றுதான் அர்த்தமா?"

"இல்லை. சில நேரம் வேண்டாம் என்றும் அர்த்தம்."

"எது எது என்று எப்படித் தெரியும்?"

"மறுபடி கேட்டால் தெரியும்."

ஒருவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு மறுபடி கேட்பது அவரை நெருக்குவதாகும், குறைவாக மதிப்பதாகும் என்றுதான் தன்னை வளர்த்தார்கள் என்றார். அதிலும் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மாணவியிடம், ஆசிரியர் ஒருவர் இரண்டாம் முறை கேட்கவே கூடாது என்று நினைத்தாராம். நான் மறுத்தது அவருக்கு வருத்தமாக இருந்ததாம். என் பெயரை முதலிலேயே எழுதி வைத்து, பிறகு அடித்திருக்கிறார். நோட்டைத் திறந்து காட்டினார். அதைக் காட்டாமலே இருந்திருக்கலாம்.

இடம் ஒன்றுதான். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது என்றார். வாங்கச் சொல்ல எனக்கும் மனசில்லை. சும்மா கூட வந்து குழி தோண்டுகிறேன் என்றேன். சம்பளம் இல்லாமல் ஆளை வேலை வாங்குவது அங்கே சட்டப்படி குற்றமாம். அடுத்த கோடைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்றேன். அடுத்த கோடைக்குள் என் படிப்பு முடிந்துவிடும். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் அவர் மெதுவாக, மரியாதையாக, முடியாது என்றார். கடைசியில், "ஒரு நாள் பார்வையாளராக வந்து பார்க்..." என்று ஆரம்பித்தார். "வருகிறேன்" என்றேன். அவர் வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

அந்த ஒரு நாள் போனேன். லைப்ரரியில் பார்த்த படம் காலுக்குக் கீழே கிடந்தது. ஒரு வெடிப்பில் என் கை முழங்கை வரை இறங்கியது. உள்ளே பாம்பு இருக்குமா என்று கேட்டுக்கொண்டே பிரேசில்காரி அளவுகோலை இறக்கினாள். கோல் சாய்ந்துதான் நின்றது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், பார்வையாளர் எதையும் தொடக்கூடாது. அவள் எண்ணைச் சொல்ல, பேராசிரியர் எழுதினார். எனக்குத் தெரியும் அது தப்பான எண் என்று. கோல் நேராக இருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். சொல்லவில்லை. பொறாமையில்தான் சொல்லவில்லை. அதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் வெட்கம் உண்டு.

அதற்குப் பிறகு மிச்ச நாளெல்லாம் மண்ணைத் திரையில் படித்தேன். மார்க்குக்குக் குறைவில்லை. தொப்பி போட்டுப் படமும் எடுத்துக்கொண்டேன். ஆனால் வெடிப்பு வேலையை இழந்த அன்றைக்கு ஒரு வைராக்கியம் எடுத்திருந்தேன். இனி இந்த ஜென்மத்தில் யாரிடமும் 'இருக்கட்டும்' சொல்ல மாட்டேன். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். சொல்லிப் பழகினேன். பயறும் சோறும் வேண்டுமா என்றால் வேண்டும். காரில் கொண்டு விடட்டுமா என்றால் விடு. வாழ்க்கை எவ்வளவு லேசாகிவிட்டது! எங்கள் ஊர் ஆட்கள் நாள் முழுக்க இந்த நாடகத்துக்கு எவ்வளவு மூச்சைச் செலவழிக்கிறார்கள் என்று நினைத்து, மனதுக்குள் அவர்களுக்கு மார்க் குறைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அங்கன மண்ணு எப்படிட்டி இருந்துச்சு?"

"நம்ம மண்ணு மாதிரிதாம்ப்பா. வேற ஒருத்தி அளந்தா."

வெளிநாட்டிலிருந்து வந்தால் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் சாக்லேட்டோடு போய்த் தலையைக் காட்ட வேண்டும். அப்படித்தான் நாகலாபுரம் அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பாவின் தங்கை. மாமா இறந்து பல வருசம் ஆகிறது. மகன் புதியம்புத்தூரில் ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே குடும்பத்தோடு இருக்கிறான். அத்தைக்கும் நிலம் இருக்கிறது, எங்களுக்கு இருக்கிற மாதிரியே. மழைதான் அந்தப் பக்கம் இரண்டு வருசமாகச் சரியில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொந்த அத்தை வீடு, எதற்குச் சொல்ல வேண்டும்? பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஒரு மணி இருக்கும். எனக்கு நல்ல பசி.

"ஆத்தாடி, யாரு இது!" என்று அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். கறுத்துப் போய்விட்டேன் என்றாள், இளைத்துப் போய்விட்டேன் என்றாள். அப்புறம் கேட்டாள்.

"ஒரு வாய் சாப்பிடுதியா தாயீ?"

"போடுங்க அத்த, நல்ல பசி" என்றேன்.

ஒரு நொடி அத்தை அப்படியே நின்றாள். பாசத்தில் நிற்கிறாள் என்று நினைத்தேன். "இந்தா வாரேன்" என்று உள்ளே போனாள். கரண்டிச் சத்தம் கேட்டது. தட்டு நிறையச் சோறும், பருப்புக் குழம்பும், சுட்ட மிளகாய் வத்தலும் கொண்டுவந்து வைத்தாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ருசியாக இருந்தது. பேசிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டேன். பாதியில்தான் கேட்கத் தோன்றியது.

"நீங்க சாப்பிடலையா?"

"நான் இன்னைக்கு ஒருபொழுதுல்லா. ராத்திரிதான் சாப்பிடணும்."

கை கழுவ அடுப்படி வழியாகத்தான் பின்கட்டுக்குப் போக வேண்டும். போனேன். அடுப்புப் பக்கத்தில் தரையில் ஒரு பலகை போட்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு தட்டு, ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் வைத்து. பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர். தட்டில் நாலைந்து சோற்றுப் பருக்கைகள் ஒட்டிக்கொண்டிருந்தன, போட்ட சோற்றை வழித்து எடுத்த தடத்தோடு. சோற்றுப் பானை வாய் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

ஒருபொழுது இருக்கிறவள் யாருக்குத் தட்டு வைத்தாள்?

பின்கட்டில் தொட்டித் தண்ணீரில் கையை எவ்வளவு நேரம் கழுவினேன் என்று தெரியவில்லை. அம்மா எனக்குக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தாளே தவிர, எதற்கு என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பானையில் எப்போதும் இரண்டு பேருக்கு மிச்சம் இருக்கும், அதனால் அவளுக்கும் தெரிந்திருக்காது. முதல் 'இருக்கட்டும்' வந்தவளின் கவுரவத்துக்காக இல்லை, கேட்டவளுக்காக. பானையில் இருந்தால் மறுபடி கேட்பாள். இல்லாவிட்டால் அதோடு விட்டுவிடுவாள், இரண்டு பேருக்கும் தலைகுனிவு இல்லை. மழை பொய்க்கிற ஊரில் ஒரு பெண் பிள்ளை தன் அடுப்படியை யாரும் பார்க்காமல் காப்பாற்றிக்கொள்ள வைத்திருந்த வழி அது. நான் பாட்டுக்கு "போடுங்க" என்று சொல்லி அதைப் பிடுங்கிவிட்டேன். அந்தப் பேராசிரியரிடம் ஒரே சொல்லால் இழந்ததைவிட இது எனக்கு வலித்தது. அங்கே இழந்தது என்னுடையது.

போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். எதைச் சொல்வது? தட்டைப் பார்த்தேன் என்றா? கடைக்குப் போய் ஏதாவது வாங்கி வரட்டுமா என்றா? அப்படிச் செய்தால் நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுப்படி வழியாகவே திரும்பி வந்தேன். தட்டுப் பக்கம் திரும்பவில்லை. அத்தை சாக்லேட் டப்பாவை மடியில் வைத்து, பிரிக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயிறு நெறஞ்சுச்சா தாயீ?"

"நெறஞ்சிருச்சு அத்த."

"இன்னுங் கொஞ்சம் போட்டுருக்கலாம். நீதான் கொத்தித் தின்னுட்டு எந்திரிச்சிட்ட" என்றாள். வெறும் பானையைப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். நானும் நேராகப் பார்த்து, "ராத்திரிக்கு இருந்து சாப்பிட்டுப் போகணும்னுதான் ஆச அத்த, அம்மா தேடுவா" என்று சொல்லி பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.